புயலை வழியனுப்பிய லயம்

1

முதல் வருஷத் திவசத்துக்கு இருந்தவர்கள்: நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவுக்கு மேலே உள்ள வாடகை அறையில் அம்மா, பழைய லயத்து வரிசை வீடுகளில் எங்களோடு இருந்த லெட்சுமி பெரியம்மா, மாரியம்மன் கோயில் பூசாரி. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், சுவரில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் நான், என் மனைவி சுமதி, ஏழு வயது மகள் கவிஷா.

வராதவர் அத்தான், அக்காவின் புருஷன். கொழும்பில் கடையில் லீவு தரவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது காரணம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். இல்லாதவள் ராணி அக்கா. அவளுக்குத்தான் படையல்.

அங்கே மதியம். இங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. முதல் நாளே எங்களுக்குப் புயல் எச்சரிக்கை வந்திருந்தது. இந்த மாதத்தில் இது இரண்டாவது புயல். வானொலிக்காரர் அதன் பெயரைப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். சுமதி போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

அம்மா வாழையிலையில் சோறும், அக்காவுக்குப் பிடித்த நெத்தலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். சூடம் காட்டினாள். பூசாரி, பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டாள். பிறகு அவர், "சாப்புட்டு நல்லபடியா போயிட்டு வான்னு சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா சொல்லவில்லை. இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூசாரி இன்னொரு முறை சொன்னார். கடைசியில் லெட்சுமி பெரியம்மாதான், வாயை முந்தானையால் பாதி மூடிக்கொண்டு, அம்மாவுக்குப் பதிலாக அதைச் சொன்னார்.

அப்போதுதான் கவிஷா போனருகே முகத்தைக் கொண்டுபோய்ச் சொன்னாள்: "அப்பாயி, நான் ராணி அத்தை பேர புயலுக்குக் குடுத்திருக்கேன்."

"என்னா தம்பி சொல்லுது புள்ள?" என்று அம்மா கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் படம் அப்படியே உறைந்து, லைன் அறுந்துவிட்டது. நோட்டனில் பகலில் சிக்னல் அப்படித்தான். அன்று மாலைக்குள் நான் அம்மாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றை விளக்கிவிட வேண்டும். இந்த நாட்டில் குளிர்காலப் புயல்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன் பொதுமக்களிடம் பெயர் கேட்கிறார்கள். யாரும் அனுப்பலாம். சிலர் தாத்தாவின் பெயரை அனுப்புகிறார்கள், சிலர் வீட்டுப் பூனையின் பெயரை. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி, வீட்டுக்குள் வரும்போதெல்லாம் எதையாவது உடைக்கிற தன் மருமகன் பெயரை எழுதி அனுப்பியதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

விளையாட்டாகத் தெரிந்தாலும் காரணம் நல்ல காரணம். "மேற்கே ஒரு தாழமுக்கம்" என்றால் யாரும் காது கொடுப்பதில்லை. அதற்கு ஒரு பெயர் வந்துவிட்டால் கடையில் பேசுவார்கள், பஸ்ஸில் பேசுவார்கள், பேசப் பேச ஜன்னலைச் சாத்துவார்கள், பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள். நான் இதை முழுதாக நம்புகிறேன். ஒரு காலத்தில் போனில் எங்கள் லயத்துக்கே இதைப் பாடம் எடுத்தவன் நான்.

கவிஷாவின் வகுப்பில் ஆளுக்கு ஒரு பெயர் எழுதச் சொல்லி, ஓட்டுப் போட்டு, ஒரு பெயரை வகுப்பின் சார்பில் அனுப்புவதாக ஏற்பாடு. சின்னப் பெயராக, யாரும் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டுமாம். ராணி வென்றுவிட்டது. அது யாருடைய பெயர் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். இவள் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அந்த டீச்சர், பெற்றோருக்குச் சம்மதமா என்று கேட்டு ஒரு தாளைப் பையில் வைத்து அனுப்பினார்.

ஏன் அத்தை பெயர் என்று கேட்டேன். கவிஷாவின் தமிழ் இப்போது நொண்டுகிறது. பாதி தூரம் தமிழில் வந்து, மீதியை இங்கிலீஷில் முடிப்பாள். இதை மட்டும் முழுக்கத் தமிழில் சொன்னாள்.

"பேரு இருந்தா எல்லாரும் கவனமா இருப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அத்தை பேரக் கேட்டா யாரும் வெளிய போகமாட்டாங்க அப்பா. யாரும் சாகமாட்டாங்க."

சுமதி எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை.

3

போன வருஷம் எங்கள் மலைக்கு வந்த புயலுக்கும் பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் ஆட்கள் இப்போது அதைச் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

நோட்டனுக்கு மேலே, தோட்டத்தின் கடைசி லயம் எங்களுடையது. வரிசையாக ஏழு காம்பரா, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், பின்னால் மண் மேடு, அதற்கு மேலே தேயிலை. மழையைக் கண்டு எங்கள் ஆட்கள் அசைவதில்லை. மழையிலேதான் கொழுந்து பறிக்கிறார்கள். "வானம் இருட்டிருக்கு, கீழ போங்க" என்று யாராவது சொன்னால், பெரட்டுக்கு யார் போவது என்றுதான் கேட்பார்கள். பெரட்டு என்றால் காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். அங்கே வேலை வாங்குகிற கண்டாக்கு சொன்னால்தான் எங்களுக்கு எந்தச் செய்தியும் செய்தி.

அந்த முறை மட்டும் வேறு மாதிரி நடந்தது. டீவியிலும் போனிலும் அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது. முதலில் கேலி. சத்தமாகக் கதவைச் சாத்துகிற மருமகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய ஆட்டுக்கும் வைத்தார்கள். நான் தினமும் அம்மாவைக் கூப்பிட்டு, பெயர் எதற்கு வைக்கிறார்கள் என்று விளக்கினேன். எங்கள் குடும்பத்தில் ஏ.எல். வரை படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் என் பேச்சைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்பார்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேரு இருக்குன்னா ஆளுதான் தம்பி. ஆளு வர்றான்னா வழிய விட்டு ஒதுங்கிக்கணும்" என்றாள்.

அவள் புரிந்துகொண்ட விதம் அது. ஆனால் வேலை செய்தது. அம்மாவும் ராணி அக்காவும்தான் காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னார்கள். மழை வலுப்பதற்கு முன்பே லயம் முழுவதும் கீழே இருந்த பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டது. அப்படி ஒன்று எங்கள் லயத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. கிராம சேவகரே வந்து பார்த்து, நீங்கள் எப்படி நான் சொல்வதற்கு முன்னால் வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாராம். அக்கா அதைப் பெருமையாக என்னிடம் சொன்னாள்.

இரண்டு நாள் இரவும் பகலும் காற்று. கோயில் கூரைத் தகரம் ஆற்றில் கிடந்தது. எங்கள் லயத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. இதையும் நான் எழுதத்தான் வேண்டும். பெயர் அன்று எங்களைக் காப்பாற்றியது.

4

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. புயல் நாட்டைக் கடந்து வடக்கே போய்விட்டது என்று டீவி சொன்னது. அதன் பெயரைச் சொல்லியே, போய்விட்டது என்று சொன்னார்கள்.

அம்மை கண்டால் எங்கள் ஆட்கள் அதை நோய் என்று சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். அவளைத் திட்டமாட்டார்கள், விரட்டமாட்டார்கள். இறங்கும் வரை பொறுத்திருந்து, தண்ணீர் ஊற்றி, லயத்துக் கோடியில் வேப்பிலையும் சூடமும் வைத்து, "போயிட்டு வா தாயி" என்று மரியாதையாக அனுப்பிவைப்பார்கள். அனுப்பிய அன்றே வீட்டை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். கழுவாமல் விட்டால் போனவள் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாள். எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

பெயரோடு வந்த ஒன்றை அவர்கள் வேறு எப்படி அனுப்புவார்கள்?

பள்ளிக்கூட வாசலில் வைத்தே செய்தார்கள். எங்கள் பக்கத்துக் குளிருக்கு வேம்பு சரியாக வராது. கோயிலுக்குப் பின்னால் நோஞ்சானாக நிற்கிற ஒரே மரம் காற்றுக்குத் தப்பியிருந்தது. அதில் ஒடித்து வந்தார்கள். அம்மா முன்னால் நின்றாள். அக்கா அதைப் போனில் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஒரு நிமிஷம்கூட இல்லாத வீடியோ அது. அம்மா புயலைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்த வழி போகச் சொல்கிறாள். கூட்டத்தில் ஒரு பொம்பளைக் குரல், "போறதுதான் போற, எங்க கண்டாக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிரு" என்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். போன் ஆடுகிறது. அக்கா சிரிப்பதால் ஆடுகிறது.

கிராம சேவகர் மட்டும், மலையை ஆட்கள் வந்து பார்க்கும் வரை இன்னும் இரண்டு நாள் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நானும் அதையேதான் அக்காவிடம் சொன்னேன். மண் தண்ணீர் குடித்திருக்கும், பொறு என்றேன்.

"நீ வெள்ளக்காரன் ஊர்ல இருந்துக்கிட்டு வெயிலப் பாத்து பயப்படுறடா" என்றாள். "புயல்தான் போயிருச்சே. குடியிருக்கவா போறோம்? வீட்டக் கழுவிட்டு பொழுது சாய வந்துருவோம். கழுவாம விட்டா அம்மா என்னக் கழுவி ஊத்திரும்."

மேலே லயத்துக்குப் போனவர்கள் அக்காவும், அடுத்த காம்பராவில் இருந்த வயதான புருஷன் பெண்சாதியும். மற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துவிட்டு வருவதாகப் பின்தங்கினார்கள். அம்மாவும் அக்காவோடுதான் கிளம்பினாள். வழியில், கோயிலில் இரவல் வாங்கிய சோற்று அண்டாவைத் திருப்பிக் கொடுக்கத் திரும்பிவிட்டாள்.

மத்தியானத் தேத்தண்ணி நேரம். காற்றே இல்லையாம். மரத்தில் ஓர் இலை ஆடவில்லை என்று லெட்சுமி பெரியம்மா சொன்னார். பின்னால் இருந்த மேடு, தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே இறங்கி வந்து லயத்தின் மேல் உட்கார்ந்தது.

புயலுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அது விட்டுப்போன ஈரத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

5

இங்கே என் மேலாளர் கெட்டவர் அல்லர். துக்க விடுமுறை கேட்டுப் போனபோது, உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் புயல் என்று எழுதியிருந்தேன். அவர் பெயர் கேட்டார். நான் அக்காவின் பெயரைச் சொன்னேன். அவர் கேட்டது புயலின் பெயரை. சொன்னேன். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, மிக மெதுவாக, உங்கள் அக்கா இறந்த நாளுக்கு முன்பே அந்தப் புயல் முடிந்துவிட்டதே என்றார்.

எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறும் இடங்கள் பல உண்டு. அன்று இங்கிலீஷால் அல்ல நான் தடுமாறியது. 'புயல் போன பிறகு' என்று தொடங்குகிற ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் என்னால் முடித்திருக்க முடியாது.

விசா வேலைகள் முடிந்து நான் ஊருக்குப் போனபோது எல்லாம் அடங்கிவிட்டிருந்தது. மூன்று பேரையும் எடுத்து அடக்கம் செய்திருந்தார்கள். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண், அதன் மேல் இன்னும் உயிரோடு தளிர் விட்டுக்கொண்டிருந்த தேயிலை. அடக்கம் நடந்த அன்று அத்தான், எல்லார் முன்னாலும், அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாராம். "நீங்க போகச் சொன்னது போயிருச்சு அத்த, என் பொஞ்சாதியையும் கூட்டிக்கிட்டு." அதற்குப் பிறகு அவர் அம்மாவோடு பேசவே இல்லை.

அன்றிலிருந்து அம்மா யாரையும் வழியனுப்புவதில்லை. நான் திரும்பிக் கிளம்பிய காலையில் பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வர்றேம்மா" என்றேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். பஸ் ஸ்டாண்ட் வரை லெட்சுமி பெரியம்மாதான் வந்தார். போனிலும் அப்படித்தான். "சரி தம்பி, வச்சிடுறேன்" என்று முன்பெல்லாம் சொல்வாள். இப்போது பேச்சு முடிந்தால் போனை அப்படியே கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். நானாகத்தான் துண்டிக்க வேண்டும். சில நாள் துண்டிக்காமல், அவள் கூட்டுவதையும் இருமுவதையும் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

எனக்கும் ஒன்று தொற்றிக்கொண்டது. இங்கே புயல் வரும்போது நான் பயப்படுவதில்லை. எச்சரிக்கை நீங்கியது என்று போனில் செய்தி வருமே, அப்போதுதான் பயம் வருகிறது. அண்டை வீட்டார் கதவைத் திறந்து நாயோடு நடக்கப் போவார்கள். நான் கவிஷாவை வெளியே விடமாட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புல்மேட்டைப் போய்ப் பார்த்து வருவேன். அது ஆள் உயரம்கூட இல்லை. எதிர்வீட்டுக் கிழவர் ஒருமுறை, அங்கே என்ன தொலைத்துவிட்டாய் என்று கேட்டார். சும்மா பார்க்கிறேன் என்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் பல தோட்டங்களுக்கு இவர்கள் ஊர்களின் பெயர்தான் இருக்கிறது என்று அவரிடம் சொன்னபோது அவருக்கு மிகவும் சந்தோஷம். அதற்கு மேல் சொல்லவில்லை.

6

திவசத்தன்று இங்கே மத்தியானம் தாண்டியதும் மறுபடியும் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. லெட்சுமி பெரியம்மா இன்னும் கூடவே இருந்தார். எங்கள் ஜன்னலில் மழை சரளைக்கல் எறிவது போல அடித்துக்கொண்டிருந்தது.

கவிஷா சொன்னதை மழுப்பிவிடலாம் என்று சுமதி சொன்னாள். பிள்ளை ஏதோ உளறியது என்று சொன்னால் போதும், தாளிலும் சம்மதமில்லை என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றாள். எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் எண்ணத்தில் ஒரு தப்பும் இல்லை. ஒருவேளை அக்காவின் பெயர் நல்லதுக்காக எங்கோ வாழட்டும் என்று அம்மாவே நினைக்கக்கூடும். அது நாலு பேரைக் காப்பாற்றும் என்று தெரிந்தால் அவள் பாரம் கொஞ்சம் இறங்கக்கூடும் என்றும் நான் கணக்குப் போட்டேன். அக்காவின் பெயரைக் கொடுப்பதா இல்லையா என்று சொல்ல அம்மாவுக்குத்தான் உரிமை. எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. போன் கீழே வைக்கப்பட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

"அங்கயும் புயல் போனப்பறம் போயிருச்சுன்னு டீவியில சொல்லுவாங்களா?" என்று கேட்டாள்.

சொல்வார்கள் என்றேன்.

"பேரச் சொல்லியா?"

"ஆமாம்மா."

"அப்ப வேணாந்தம்பி. புயலு வந்தா அது எப்ப போகும்னுதான எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. எம்புள்ள பேரச் சொல்லி ஒரு ஊரே போ, போன்னு நிக்க வேணாம். ஒருக்கா போனது போதும்."

லெட்சுமி பெரியம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் கவிஷாவைப் பார்த்தேன். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அழவில்லை. பையைத் திறந்து, அந்தத் தாளை எடுத்து வந்து, என் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தாள். நான் வேண்டாம் என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். நாங்கள் யாரும் ஒரு வருஷமாக அம்மாவிடம் கேட்கத் துணியாததை, பிள்ளை, நாளைக்கு என்ன சமையல் என்று கேட்பதைப் போலக் கேட்டது.

"அப்பாயி, அந்தப் புயல நீங்க எப்படி அனுப்புனீங்க?"

சுமதி போனை வாங்கக் கை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அம்மா தொண்டையைச் செருமினாள்.

"சூடம் வாங்குனோம்டி. தேசிக்காய், மஞ்சத்தூளு, ஒரு பூசணிக்கா. கடக்காரன் அன்னிக்குன்னு பாத்து வெலய ஏத்தி வச்சிருந்தான். ஏழு வீடு, வீட்டுக்கு நூறு ரூவா எடுத்தோம். உங்க அத்ததான் கடைக்குப் போயிட்டு வந்துச்சு. இம்மாம் பெரிய புயலு, எழுநூறு ரூவாயோட போச்சேன்னு சொல்லி நானும் அவளும் சிரிச்சோம்."